பழைய கவருக்குள் தனுஷ்கோடி

கரோல் பாக் வெஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் ஏரியாவில் ஒரே மாடிப் போர்ஷனில் நாங்கள் எழுபது வருஷத்துக்கு மேல் வாடகைக்கு இருந்தோம் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அப்பா மத்திய சர்க்கார் உத்தியோகம் கிடைத்து 1949-ல் டில்லிக்கு வந்தவர். அஜ்மல் கான் ரோடுக்கு நடந்து போகும் தூரத்தில் இரண்டு அறை பிடித்தார். அங்கேதான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம், எங்கள் குழந்தைகளும் வளர்ந்தார்கள். போன வருஷம் அந்த இடத்தை விட்டுத் துவாரகாவுக்கு வந்துவிட்டோம். பரணைக் காலி செய்தபோது அப்பாவின் டிரங்குப் பெட்டி இறங்கியது. பழைய பஞ்சாங்கங்கள், ரேஷன் கார்டுகள், பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டுகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழுப்புக் கவர். மேலே அப்பாவின் கையெழுத்தில் 'தனுஷ்கோடி' என்று ஒரே வார்த்தை.

உள்ளே மூன்று படங்கள் இருந்தன. ஒன்று அச்சடித்த தபால் அட்டை. கடல் நடுவே ரயில் பாலம் இரண்டாகப் பிளந்து வானத்தைப் பார்த்து நிற்க, இடையில் ஒரு சிறு கப்பல் போகிறது. இரண்டாவது, ஒரு துறையில் நீராவிக் கப்பலும் பக்கத்திலேயே ரயில் வண்டியும் நிற்கும் போட்டோ. மூன்றாவது எங்கள் குடும்பம். மணலில் ஈரப் புடவையோடு பாட்டி, பஞ்சகச்சத்தில் அப்பா, அம்மா, அத்தை, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிற முகத்தோடு நாலு வயசு நான். எடுத்தவர் பெரியப்பா. திருச்சியில் ரயில்வே உத்தியோகம் பார்த்தவர், பாக்ஸ் காமிரா வைத்திருந்தார். 1958 மே மாதம் என்பது அத்தை கணக்கு.

மூன்று படங்களை வைத்துக்கொண்டு ஒரு சரித்திரக் கட்டுரையா என்று அங்கத்தினர்கள் நினைக்கலாம். அந்த ஊரே இப்போது இல்லை என்பதால்தான் எழுதத் துணிந்தேன்.

முதலில் பாலம். பாம்பன் பாலம் திறக்கப்பட்டது 1914 பிப்ரவரி 24-ம் தேதி. அதற்கு முன்பு சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி போய், அங்கிருந்து கப்பல் ஏற வேண்டும். ராமேஸ்வரம் தீவுக்கோ படகுதான். ஸ்வாமி விவேகானந்தர் மேல்நாட்டு யாத்திரை முடிந்து கொழும்பு வழியாகத் திரும்பியபோது 1897 ஜனவரி 26-ல் பாம்பனில்தான் வந்து இறங்கினார். ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி அவரை எதிர்கொண்டு வரவேற்றது எல்லோரும் அறிந்த கதை. அன்றைக்குத் தனுஷ்கோடி சேது ஸ்நானத்துக்கு வருகிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும் மட்டுமே அறிந்த மணல்முனை. அதை ஊராக்கியது ரயில்.

வெள்ளைக்காரர்களுக்கு முதலில் இருந்த யோசனை இன்னும் பெரியது. சேதுவின் மேலேயே பாலம் போட்டு இலங்கை வரைக்கும் ரயிலைக் கொண்டுபோய்விட வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். செலவுக் கணக்கைப் பார்த்ததும் அது நின்றது. கடைசியில் மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே பாலம், தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து இலங்கைக் கரையில் தலைமன்னாருக்குச் சுமார் 22 மைல் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில் என்று முடிவாயிற்று. சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கிக் கொழும்பில் போய் இறங்கலாம். தென்னிந்திய ரயில்வேயின் அந்த வண்டிக்கு இண்டோ-சிலோன் எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஜனங்கள் வாயில் அது போட் மெயில். போட்டும் போய், இலங்கையும் போய், இன்றைக்கும் ராமேஸ்வரம் வண்டிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கள் தபால் அட்டையில் திறந்து நிற்பது நடுக்கண். 145 சாதாரணக் கண்கள், நடுவே கப்பலுக்கு வழிவிடும் ஒன்று, ஆக 146. நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடுக்கண்ணின் இரண்டு பாதிகளையும் இரு புறமும் ஆட்கள் கூடி நின்று கையால் சுற்றித்தான் தூக்குவார்கள். இதற்கு ஷெர்ஸர் தூக்கு என்று பெயர். ஷெர்ஸர் என்ற ஜெர்மன் இன்ஜினீயர் வந்து பாம்பனில் கட்டிக்கொடுத்தார் என்று பலர் எழுதுகிறார்கள். நானும் ஒரு கூட்டத்தில் அப்படியே பேசியிருக்கிறேன். தவறு. வில்லியம் ஷெர்ஸர் அமெரிக்காவில் சிகாகோவில் இருந்தவர். பாம்பன் பாலம் வருவதற்கு இருபது வருஷங்களுக்கு முன்பே, 1893-ல் காலமாகிவிட்டார். அவர் கண்டுபிடித்த முறையில், அவர் பெயரால் நடந்த கம்பெனியின் அமைப்பு அது. பாலத்தை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

இரண்டாவது படம்தான் என்னைக் கொஞ்ச நாள் தூங்க விடவில்லை. கப்பலும் ரயிலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அந்தப் படத்தைத் தனுஷ்கோடித் துறை என்று சொல்லித்தான் அப்பா எங்களுக்குக் காட்டுவார். என் பையன் செல்போனில் தேடி, இதே மாதிரிப் படங்கள் பத்துப் பன்னிரண்டு எடுத்துக் காட்டினான். எல்லாவற்றுக்கும் கீழே 'தனுஷ்கோடி, 1964-க்கு முன்' என்று போட்டிருக்கிறது. சரி என்று எடுத்து வைக்கப் போனேன். பூதக்கண்ணாடி கையில் இருந்ததால் இன்னொரு தரம் பார்த்தேன்.

படத்தில் ஒரு போர்ட்டர் தலையில் பெட்டியோடு தண்டவாளத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறார். அவர் நிற்கிற இடத்தில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இருக்கும் அகலம் கிட்டத்தட்ட அவருடைய உயரமே இருக்கிறது. இதுதான் விஷயம். நம் பக்கம் பாம்பன், தனுஷ்கோடி லைன் மீட்டர் கேஜ். அகலம் ஒரு மீட்டர், அதாவது ஒரு ஆளின் இடுப்பளவு. பாம்பன் பாலத்தில் பிராட் கேஜ் வந்ததே 2007-ல். இலங்கை ரயிலோ ஆரம்பத்திலிருந்தே ஐந்தரை அடி பிராட் கேஜ், சராசரி ஆள் உயரம். ஆக, அப்பா இத்தனை வருஷம் தனுஷ்கோடி என்று காட்டியது தலைமன்னார் துறை!

பெங்களூரில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டேன். அவருக்கு இப்போது 88 வயசு. காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் மந்தமில்லை.

"ஆமாண்டா, பெரிய அண்ணா ஒரு தடவை கொழும்புக்குப் போயிட்டு வந்தானே. கல்யாணத்துக்கு முன்னாடி. அப்ப எடுத்ததா இருக்கும். உங்கப்பாவுக்குக் கப்பல்னாலே தனுஷ்கோடிதான். அவன் அதுக்கு அப்புறம் வேற கப்பலே பாக்கலியே!"

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ராமேஸ்வரம் பக்கம் பூர்வீகமோ, இலங்கையில் உத்தியோகம் பார்த்த தாத்தாவோ உள்ள குடும்பங்கள் நம்மில் நிறைய. மும்பை மாட்டுங்காவிலும் கல்கத்தாவிலும் இருக்கும் அங்கத்தினர் வீட்டு ஆல்பங்களில் இத்தகைய படங்கள் கட்டாயம் இருக்கும். தண்டவாளத்தைப் பார்த்தால் எந்தக் கரை என்று தெரிந்துவிடும். காலத்தை அறியக் கப்பலின் பெயரைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் ஓடியவை கர்ஸன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்கள் பெயர் வைத்த கப்பல்கள். பின்னால் வந்தவை கோஷன், இர்வின். கோஷன் சென்னை கவர்னராக வந்தது 1924-ல், இர்வின் வைஸ்ராயாக வந்தது 1926-ல். எனவே கப்பலின் முகப்பில் இர்வின் என்று இருந்தால் அந்தப் படம் 1926-க்கு முந்தியதாக இருக்கவே முடியாது, கீழே எந்த வருஷம் எழுதியிருந்தாலும் சரி. ரயில் பெட்டியில் எஸ்.ஐ.ஆர். என்ற எழுத்துகள் இருந்தால் படம் பெரும்பாலும் பழையது. 1951 ஏப்ரல் 14-ல் தென்னிந்திய ரயில்வே மற்ற ரயில்வேக்களுடன் சேர்ந்து தென்னக ரயில்வே ஆயிற்று. ஆனால் பழைய பெட்டிகளுக்கு உடனே யாரும் வர்ணம் மாற்றியிருக்க மாட்டார்கள், சர்க்கார் காரியம்தானே. அதனால் இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

இப்படிப் பார்க்கப் பார்க்க எனக்கு வேறு ஒன்று உறைத்தது. செல்போனில் வந்த அந்தப் பத்துப் பன்னிரண்டு படங்களிலும் பாலம் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, ரயில் இருக்கிறது. ஊர் இல்லை. தனுஷ்கோடியில் ரயில்வே ஸ்டேஷனும் ஊழியர் குடியிருப்பும் மட்டுமா இருந்தன? தபாலாபீஸ், சுங்க ஆபீஸ், சின்ன ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாதா கோயில், யாத்திரிகர்களுக்கு வேண்டிய கடைகள், மீனவர் குடிசைகள் எல்லாம் இருந்தன. அவற்றை யார் படம் எடுத்தார்கள்? காமிரா வைத்திருந்தவர்கள் ரயில்வேக்காரர்களும் தபால் அட்டை விற்கிற கம்பெனிக்காரர்களும் கப்பல் பிரயாணிகளும். எதைக் கட்டினார்களோ, எதில் போனார்களோ, அதைத்தான் எடுத்தார்கள். இது தனுஷ்கோடிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1858-ல் காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர் சென்னை மாகாண சர்க்காரின் போட்டோகிராபராக மதுரை, தஞ்சாவூர், திருச்சியைப் படம் எடுத்தார். மிக அழகான படங்கள். மீனாக்ஷி கோயிலும் நாயக்கர் மஹாலும் கல் கல்லாகத் தெரியும், மனுஷ்யர்களைத் தேடத்தான் வேண்டும். அவர் காலத்துப் படச்சுருள் காகிதம், வெளிச்சம் பதிய நேரமாகும், நடமாடுகிறவர்கள் பதிய மாட்டார்கள் என்ற நியாயம் அவருக்கு உண்டு. 1914-க்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்த நியாயம் கிடையாது.

இந்தத் துறையைப் பற்றிப் பேசும்போது மண்டபத்தை விட முடியாது. பாலத்துக்கு இந்தப் பக்கம், கடற்கரையோரம், இலங்கை சர்க்கார் நடத்திய பெரிய முகாம் இருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் நம் ஜில்லாக்காரக் கூலி ஜனங்களை அங்கே தங்க வைத்து, தொற்று வியாதி இல்லை என்று பார்த்த பிறகே கப்பலேற்றுவார்கள். ரயிலும் கப்பலும் வருவதற்கு முன்பு அந்த ஜனங்கள் தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். போட் மெயிலின் முதல் வகுப்பில் சென்றவர்களின் சூட்கேஸ் படம் கிடைக்கிறது. அதே கப்பலில் அடித்தட்டில் போனவர்களை அவர்கள் வீட்டார் ஒருவரும் படம் எடுத்திருக்க முடியாது.

1964 அக்டோபர் 30-ம் தேதி நம் டில்லியில் சாஸ்திரிக்கும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவுக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. அப்படிப் போனவர்களின் சந்ததியில் 5,25,000 பேரை இந்தியா திரும்ப ஏற்றுக்கொள்வது என்று முடிவு. அவர்கள் திரும்பி வர வேண்டிய வழி தலைமன்னார், தனுஷ்கோடி. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாசம்கூட ஆகவில்லை, தனுஷ்கோடி போய்விட்டது. பின்னால் அவர்கள் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கி, அதே மண்டபம் முகாமில் தங்கினார்கள். அந்தக் கப்பலும் 1980-களில் இலங்கைச் சண்டையோடு நின்றது.

அந்த டிசம்பர் எனக்கு நினைவிருக்கிறது. பத்து வயசு. மார்கழி மாசம், கரோல் பாக்கில் விடிகாலையில் வாயைத் திறந்தால் புகை வரும் குளிர். பாட்டி மட்டும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து குளித்துவிடுவார். டிசம்பர் 22-ம் தேதி புயல் இலங்கையைத் தாண்டி வந்து அன்றிரவு பாம்பன் தீவின் மேல் இறங்கியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653-ம் நம்பர் பாஸஞ்சர் நள்ளிரவுக்குப் பிறகு ஊர் எல்லைக்கு வந்தது. சிக்னல் கிடைக்கவில்லை. கடல் எழுந்து வந்து வண்டியை அப்படியே மூடிவிட்டது. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. புயலில் இறந்தவர்கள் மொத்தம் ஏறக்குறைய 1800 பேர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ரேடியோச் செய்தியைக் கேட்டுவிட்டு அப்பா அன்றைக்கு ஆபீஸுக்கு லேட்டாகப் போனார். லேட்டாகப் போய் நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். பெரியப்பாவிடமிருந்து வந்த இன்லண்ட் லெட்டரில், நாம் இறங்கிய ஸ்டேஷன் இல்லை, ஸ்நானம் பண்ணிய இடத்துக்குப் போக வழியும் இல்லை என்று எழுதியிருந்தாராம். பாட்டிக்கு அதைப் படித்துக் காட்டவில்லை என்று அத்தை சொல்கிறார். அந்த லெட்டர் பெட்டியில் கிடைக்கவில்லை.

பாலத்துக் கண்களில் பெரும்பாலானவற்றின் கர்டர்களைக் கடல் கொண்டுபோயிற்று. தபால் அட்டையில் இருக்கிற நடுத்தூக்கு மாத்திரம் நின்றது. ஆறு மாசத்தில் சரி செய்ய வேண்டும் என்று கெடு வைத்தார்கள், பிறகு மூன்று மாசம் என்று குறைத்தார்கள். பொறுப்பு 32 வயசு இன்ஜினீயர் ஒருவரிடம் வந்தது. கடலுக்குள் கிடந்த கர்டர்களையே தேடி எடுத்து மறுபடி ஏற்றி, 46 நாளில் முடித்தார். அவர்தான் ஈ. ஸ்ரீதரன். 1995 முதல் 2011 வரை டில்லி மெட்ரோவுக்குத் தலைவராக இருந்தவர். 2005 டிசம்பர் 31-ல் எங்கள் கரோல் பாக்குக்கு மெட்ரோ வந்தது. பாம்பனில் தண்டவாளத்தைத் தூக்கி நிறுத்தியவரே எங்கள் பேட்டையில் தலைக்கு மேல் தண்டவாளம் போட்டார். அப்பா அதைப் பார்க்க இல்லை. இருந்திருந்தால் தினம் ஒரு தரம் இதைச் சொல்லாமல் மெட்ரோ ஏறியிருக்க மாட்டார்.

பாலம் திரும்பி வந்தது, ஊர் வரவில்லை. ஜனங்கள் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று சர்க்கார் அறிவித்துவிட்டது. ரயிலும் ராமேஸ்வரத்தோடு நின்றது. இதற்குப் பிறகு எடுத்த படங்களுக்குக் கணக்கே கிடையாது. கூரையில்லாத மாதா கோயிலின் பவளப் பாறைச் சுவர், ஸ்டேஷனின் மிச்சம், தண்ணீர்த் தொட்டி. 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் நல்ல ரோடு போட்டபின் கேட்கவே வேண்டாம். அதற்கு முன் மணலில் வேன் குலுக்கிக்கொண்டு போக வேண்டும், நான் இரண்டு விதமாகவும் போயிருக்கிறேன். எல்லாப் படத்திலும் மாதா கோயில் இருக்கிறது, முன்னால் நாம் நிற்கிறோம். பக்கத்திலேயே குடிசை போட்டுக்கொண்டு மீனவர்கள் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள், அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் படம் எடுத்த ஒரு குடும்பத்தை என் கண்ணால் பார்த்தேன். வழியில் விபீஷணர் பட்டாபிஷேகம் நடந்ததாகச் சொல்லும் கோதண்டராமர் கோயில் மட்டும் அன்று தப்பியது.

1966 செப்டம்பரில், அதாவது புயலுக்கு இரண்டு வருஷம் ஆவதற்குள், அமெரிக்காவின் ஜெமினி 11 விண்கலத்திலிருந்து தென்னிந்தியாவையும் இலங்கையையும் ஒரே சட்டத்துக்குள் படம் எடுத்தார்கள். உலகப் பிரசித்தி பெற்ற படம். நடுவே சேது ஒரு மெல்லிய இழையாகத் தெரியும். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் ஊர் இருக்கும்போதும் ஒன்றுதான், போன பிறகும் ஒன்றுதான்.

1914-ன் பாலத்துக்கும் முடிவு வந்துவிட்டது. 2022 டிசம்பரில் அதன் மேல் ரயிலை நிறுத்தினார்கள். பக்கத்தில் கட்டிய புதுப்பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. அதன் நடுக்கண் பிளந்து திறக்காது, லிப்ட் மாதிரி அப்படியே மேலே எழும்பும். பார்க்க அழகுதான்.

கரோல் பாக்கில் எங்கள் கீழ்ப் போர்ஷனில் ராவல்பிண்டியிலிருந்து 1947-ல் வந்த ஒரு பெரியவர் இருந்தார். பஞ்சாபிலிருந்து ஓடி வந்தவர்கள் நிறையப் பேர் குடியேறிய பேட்டை அது. அந்தப் பெரியவர் வீட்டில் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு வாசற்கதவின் போட்டோ மாட்டியிருக்கும். ராவல்பிண்டியில் அவர்கள் வீட்டுக் கதவாம். ஆள் இல்லை, வீடு முழுதும் இல்லை, கதவு மட்டும். யாரோ எதற்கோ எடுத்தது, புத்தகத்துக்குள் கிடந்து கூட வந்துவிட்டது. பண்டிகை நாட்களில் அதற்கும் மாலை போடுவார். சின்ன வயசில் நாங்கள் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். தனுஷ்கோடியில் தப்பியவர்களுக்கு ஒரு கதவின் படம்கூட இருந்திருக்காது என்பது இந்தக் கவரைத் திறந்த பிறகுதான் தோன்றியது.

மூன்றாவது படத்துக்கு வருகிறேன். டில்லியில் இருந்தவர்களுக்குக் காசி ராமேஸ்வர யாத்திரை ஒரு விதத்தில் சௌகரியம், பிரயாகை நமக்குப் பக்கம். ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி சென்னை, எழும்பூரில் போட் மெயில், மறுநாள் நேராகத் தனுஷ்கோடி. மகோததியும் ரத்னாகரமும் கூடும் இடத்தில் சங்கல்பம், ஸ்நானம். அந்தப் பக்கத்து ஜனங்கள் வடக்கே அமைதியாக இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே அலையடிப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். சேது மணல் எடுத்துக்கொண்டு ராமநாதஸ்வாமி தரிசனம் செய்து திரும்ப வேண்டும். மணலைப் பிரயாகையில் சேர்த்துவிட்டு, கங்கா ஜலம் கொண்டுபோய் ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால் யாத்திரை பூர்த்தி. பாட்டிக்கு முதல் பாதி 1958-ல் நடந்தது. மணல் பித்தளைச் செம்பில் கரோல் பாக்குக்கு வந்து, அந்தத் தை மாசம் பிரயாகையில் சேர்ந்தது. கங்கா ஜலத்தோடு அவர் மறுபடி ராமேஸ்வரம் போனார், ஆனால் தனுஷ்கோடி அப்போது இல்லை.

பெரியப்பாவின் காமிராவில் ஒரு பிலிம் சுருளுக்கு எட்டுப் படம். எட்டில் ஒன்றை எங்களுக்காகச் செலவழித்திருக்கிறார், அதனால் எல்லோரையும் ஒழுங்காக நிறுத்தி, சூரியனைப் பார்க்கச் சொல்லி எடுத்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறோம். நான் அழுதது வெயிலால் அல்ல, ஆண்கடல் அலையைப் பார்த்து என்பது அம்மா சொல்லி நான் அறிந்தது. பின்னால் மணல், மணலுக்கு அப்பால் கூரை வேய்ந்த கடை ஒன்று, அதற்கும் அப்பால் ரயில்வே கட்டடத்தின் ஒரு மூலை. இத்தனை படம் பார்த்ததில் தனுஷ்கோடிக் கடை ஒன்றை நான் பார்த்தது இந்தப் படத்தில்தான்.

வலது ஓரத்தில், பாதி சட்டத்துக்கு வெளியே, பத்துப் பதினொரு வயசுப் பையன் ஒருவன் நிற்கிறான். வெறும் உடம்பு, இடுப்பில் துண்டு, ஒரு கையில் கூடை. அவனைப் பெரியப்பா எடுக்க நினைக்கவில்லை. அவனாக வந்து விழுந்திருக்கிறான். அவன் மட்டும் கண்ணைச் சுருக்காமல் நேரே காமிராவைப் பார்க்கிறான்.

அத்தையிடம் கேட்டேன்.

"அவனா? சங்கு விக்கற பையன்டா. உங்க பாட்டி அவனோட அரை மணி பேரம் பேசினா. எட்டணா சொன்னான், இவ நாலணாங்கறா. நயா பைசா வந்துடுத்துன்னு உங்கப்பா கணக்கு சொல்லப் போய், ரெண்டு பேருமா அவன் வாயை மூடினா. கடைசியில அவன் கேட்டதைத்தான் குடுத்தா. கூட ஒரு சின்னச் சங்கு சும்மாவே உன் கையில வெச்சான், நீ அழுகைய நிறுத்தணும்னு."

பேர் தெரியுமா என்றேன். "பேரை யாருடா கேட்டா?" என்றார் அத்தை. கொஞ்ச நேரம் போனில் சத்தமில்லை. "ஆறு வருஷம் கழிச்சு அவனுக்குப் பதினாறு, பதினேழு இருந்திருக்கும்" என்றார் பிறகு.

பெரிய சங்கு எங்கள் பூஜை அலமாரியில் இருக்கிறது. கரோல் பாக்கில் இருந்த அதே மூலையில்தான் இங்கேயும் வைத்திருக்கிறோம். வருஷப் பிறப்பு, கார்த்திகை சோமவாரம் என்று அபிஷேகம் நடக்கும் நாட்களில் எடுக்கிறோம். சின்னச் சங்கை நான் எங்கே தொலைத்தேன் என்று தெரியவில்லை.

அத்தை சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு, படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதினேன். பேனா மை ஊறிவிடும், அங்கத்தினர்கள் கவனிக்கவும். இடமிருந்து வலமாகப் பாட்டி, அப்பா, அம்மா, நான், அத்தை. தனுஷ்கோடி, மே 1958. கடைசியில், சங்கு விற்ற பையன்.